காதுக்குள் ஒரு குட்டிக் குழாய்: அதைப் போடாவிட்டால் குழந்தையின் பேச்சு தாமதமாகுமா?

அமெரிக்காவில், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றைக்கே வீடு திரும்பிவிடுகிற மாதிரி குழந்தைகளுக்குச் செய்யும் அறுவைசிகிச்சைகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? டான்சில் என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை. செவிப்பறையில் ஒரு சிறு துளை போட்டு, அதில் அரிசிமணியை விடச் சின்னதாக ஒரு குழாயைச் செருகிவைக்கும் சிகிச்சைக்குத்தான் முதலிடம். 2006-ம் ஆண்டுக் கணக்குப்படி, 15 வயதுக்கு உட்பட்ட 6,67,000 குழந்தைகளுக்கு அந்த ஒரு வருடத்தில் மட்டும் இதைச் செய்திருக்கிறார்கள். 3 வயது முடிவதற்குள் ஏறக்குறைய 15 குழந்தைகளில் ஒன்றுக்குக் காதில் குழாய் ஏறிவிடுகிறது. அங்கே இதன் பெயர் 'இயர் ட்யூப்'. பிரிட்டனிலும் நம்மூர் இ.என்.டி. டாக்டர்களிடமும் 'க்ரோமெட்'.

இதைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் அக்கா பெண். அமெரிக்காவில் இருக்கிறாள். பையனுக்கு ஒன்றரை வயது. மூன்று மாதமாக இரண்டு காதிலும் நீர் தங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "மாமா, இப்ப ட்யூப் போடலன்னா பேச்சு லேட்டாகும், பின்னாடி படிப்பும் பாதிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்கதான் எதையாவது தோண்டிப் படிச்சுக்கிட்டே இருப்பீங்களே, இது நிஜமா?" என்று வாட்ஸப்பில் கேட்டாள்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதில் என் தொழிலுக்கு நன்றாகப் பழக்கமான ஒரு சிக்கல் இருந்தது: 'சரி செய்ததால் சரியானதா, தானாகவே சரியானதா?' அதனால்தான் இவ்வளவு தூரம் போனேன். இது மருத்துவ ஆலோசனை அல்ல, படித்ததன் குறிப்பு. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

காதில் நீர் எப்படிச் சேருகிறது?

செவிப்பறைக்கு உள்பக்கம் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதுதான் நடுச்செவி. மூன்று குட்டி எலும்புகள் அங்கே வரிசையாக நின்று, செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அந்த அறையில் காற்று இருந்தால்தான் செவிப்பறை சுதந்திரமாக அதிரும்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுச்செவிக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் வழியாக. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது ஒரு கணம் திறந்து மூடும். விமானம் இறங்கும்போது காது 'பட்'டென்று திறக்கிறதே, அது இந்தக் கதவுதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், சரிவாக இறங்குகிறது. பிறந்த குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான். அதுவும் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் படுத்திருக்கும். திறந்து மூடும் தசையும் இன்னும் சரியாகப் பழகியிருக்காது. இதற்கு மேல் சளி பிடித்தால் கேட்கவே வேண்டாம், கதவு அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் காற்றை நடுச்செவியின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகிறது. வெற்றிடம் உருவாகப் பார்க்கிறது, அந்த இடத்தில் நீர் ஊறுகிறது. நாளாக ஆக அது பசை மாதிரி கெட்டியாகவும் ஆகலாம். அதனால்தான் பிரிட்டனில் இதற்குப் 'பசைக்காது' என்று பொருள்படும் பெயரே வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். காய்ச்சல், வலி, இரவெல்லாம் அழுகை என்று வருவது நடுச்செவியின் தொற்று. நான் சொல்லிக்கொண்டிருப்பது அதுவல்ல. வலி இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், சத்தமே காட்டாமல் நீர் மட்டும் தங்கியிருப்பது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் 10-ல் 9 குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது இது வந்துபோகிறது. பெரும்பாலான வீடுகளில் யாருக்கும் தெரிவதுகூட இல்லை. ஏழெட்டு வயதில் குழாய் வளர்ந்து சரிந்துகொண்டால் பிரச்சினையும் பெரும்பாலும் போய்விடுகிறது.

எவ்வளவு கேட்காமல் போகும்?

சராசரியாக 25 டெசிபலுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு வீட்டில் நடப்பதைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா சொல்லும் வார்த்தையின் கடைசி எழுத்து காணாமல் போகும்.

இது எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. சில குழந்தைகளுக்கு நீர் இருந்தும் கேள்திறன் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். சிலருக்கு 40 டெசிபல் வரை போகும். ஒரே குழந்தைக்கே இந்த வாரம் ஒரு மாதிரி, அடுத்த வாரம் ஒரு மாதிரி இருக்கும். 'நீர் இருக்கிறது' என்பதும் 'கேட்கவில்லை' என்பதும் இரண்டு தனித்தனித் தகவல்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

குழாய் என்ன செய்கிறது?

செவிப்பறையில் துளை போடும் யோசனை பழசு. லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் 1800 வாக்கிலேயே செய்து பார்த்தார். துளை போட்டதும் நோயாளிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் செவிப்பறை தன்னைத் தானே தைத்துக்கொள்ளும் உறுப்பு. சில நாளில் துளை மூடிக்கொள்ளும். பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வியன்னாவில் ஆடம் பொலிட்சர் 1860-களில் துளை மூடாமலிருக்க ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1954-ல் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மருத்துவர் பிளாஸ்டிக் குழாயை வைத்துச் செய்ததை எழுதினார். அதற்குப் பிறகுதான் இது பரவியது.

நிறையப் பேர் இதை நீர் வடியும் குழாய் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் நீரை டாக்டர் ஆபரேஷன் மேஜையிலேயே உறிஞ்சி எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு குழாயின் வேலை காற்றை உள்ளே விடுவது. அடைத்துப்போன யூஸ்டேஷியன் குழாய்க்குப் பதிலாக ஒரு தற்காலிக ஜன்னல். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் செவிப்பறை அதைத் தானே வெளியே தள்ளிவிடும்.

ஒரு நியாயமான வாதச் சங்கிலி

இனி மூளைக்கு வருவோம். வாதம் இப்படிப் போகிறது. முதல் மூன்று வருடம் மொழி கற்பதற்கான முக்கியமான காலம். காதில் நீர் இருந்தால் சரியாகக் கேட்காது. சரியாகக் கேட்காவிட்டால் வார்த்தைகளைச் சரியாகப் பிடிக்க முடியாது. வார்த்தைகளைப் பிடிக்காவிட்டால் பேச்சு தாமதமாகும். பேச்சு தாமதமானால் படிப்பு, கவனம், பழகும் விதம் எல்லாம் பின்தங்கும். ஆகவே குழாய் போடு.

ஒவ்வொரு கண்ணியும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஹூபெல், வீசல் இருவரும் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடிவைத்து, ஆரம்ப காலத்தில் பார்வை கிடைக்காவிட்டால் மூளையின் அமைப்பே மாறிவிடுகிறது என்று காட்டியிருந்தார்கள். காதுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று யோசிப்பது இயல்பு. 1969-ல் ஹோல்ம், குன்ஸ் இருவரும் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், காதுத் தொல்லை நீண்டகாலம் இருந்த குழந்தைகள் பேச்சுத் தேர்வுகளில் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு இதே மாதிரி ஆய்வுகள் வரிசையாக வந்தன.

எங்கள் தொழிலில் சொல்வதென்றால், ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியாகச் சரியாக இருக்கிறது. சேர்த்து ஓட்டிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி.

இரண்டு பொறிகள்

முதல் பொறி: யாருக்குக் காதில் நீர் அதிகம் சேர்கிறது? வீட்டில் சிகரெட் புகை, நெரிசலான காப்பகம், அடிக்கடி சளி, தாய்ப்பால் குறைவு. இவை வறுமையோடும் பெற்றோரின் படிப்போடும் பின்னிக் கிடப்பவை. அதே வறுமையும் பெற்றோரின் படிப்பும் குழந்தையின் சொல்வளத்தையும் தீர்மானிக்கின்றன. அப்போது காதில் நீர் உள்ள குழந்தை குறைவாகப் பேசினால், குற்றவாளி நீரா, வீட்டுச் சூழலா? வெறுமனே இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டால் சொல்ல முடியாது.

இரண்டாவது பொறி இன்னும் சுவாரசியமானது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் லோட் ஏறிப்போச்சுன்னு அலர்ட் வரும். யாராவது எழுந்து ஒரு சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுவார். அரை மணியில் லோட் இறங்கும். காலை மீட்டிங்கில் அவருக்குப் பாராட்டு. லாக் எடுத்துப் பார்த்தால் ஒரு பேட்ச் ஜாப் அந்த நேரத்தில் தானாகவே முடிந்திருக்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கை வைக்கிறோம். உச்சத்துக்கு அடுத்தது இறக்கம்தான், கை வைத்தாலும் வைக்காவிட்டாலும்.

குழந்தை விஷயத்திலும் இதேதான். நிலைமை மோசமாக இருக்கும்போதுதான் டாக்டரிடம் போகிறோம், அப்போதுதான் குழாய் போடுகிறார்கள். ஒன்றரை வயதில் பத்து வார்த்தை பேசிய குழந்தை, குழாய் போட்டு ஆறு மாதத்தில் நூறு வார்த்தை பேசுகிறது. "ட்யூப் போட்ட மறுவாரமே கொட்ட ஆரம்பிச்சிட்டான்" என்று அம்மா சொல்வது பொய்யில்லை. ஆனால் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் சொற்கள் திடீரென்று பெருகுவது எல்லாக் குழந்தைக்கும் நடக்கிற ஒன்று. காது நல்லா இருக்கிற எதிர்வீட்டுப் பையனும் அந்த ஆறு மாதத்தில் கொட்ட ஆரம்பித்திருப்பான்.

இரண்டு பொறியிலிருந்தும் தப்பிக்க ஒரே வழிதான் இருக்கிறது: காசு சுண்டிப் போடுவது. ஒரே மாதிரி குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே குழாய், மறு பாதிக்குக் காத்திருப்பு. இணையதளங்களில் நாங்கள் பச்சைப் பட்டனா, நீலப் பட்டனா என்று ஏ/பி டெஸ்ட் ஓட்டுவோம். குழந்தைகள் விஷயத்தில் அதைச் செய்யத் துணிச்சலும் பொறுமையும் வேண்டும். பிட்ஸ்பர்க்கில் ஒருவர் செய்தார்.

பிட்ஸ்பர்க் ஆய்வு

ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர். அவர் குழு 1990-களில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இரண்டு மாதம்கூட ஆகாத 6,350 ஆரோக்கியமான குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு குழந்தையின் காதையும் மாதாமாதம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 3 வயதுக்குள் இரண்டு காதிலும் 90 நாள், அல்லது ஒரு காதில் 135 நாள் தொடர்ந்து நீர் நின்றால், அல்லது விட்டுவிட்டு அதற்கு ஈடாக நின்றால், அந்தக் குழந்தை குலுக்கலுக்குத் தகுதி. அப்படி 429 குழந்தைகள்.

ஒரு பிரிவுக்கு உடனே குழாய். மற்றப் பிரிவு காத்திருக்கவேண்டும்: இரண்டு காதிலும் நீர் இருந்தால் இன்னும் 6 மாதம், ஒரு காதில் என்றால் 9 மாதம். அப்போதும் நீர் வடியாவிட்டால் அவர்களுக்கும் குழாய். 3 வயதாகும்போது முதல் பிரிவில் 82 சதவீதம் பேருக்குக் குழாய் போடப்பட்டிருந்தது, இரண்டாவது பிரிவில் 34 சதவீதம்தான். அதாவது, காத்திருந்த குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு அதுவரை மயக்க மருந்தும் குழாயும் இல்லாமலேயே வந்துவிட்டார்கள்.

சரி, வளர்ச்சி? 3 வயதில் பொதுவான அறிவுத்திறன் தேர்வில் உடனே குழாய் போட்டவர்களின் சராசரி 99, காத்திருந்தவர்களின் சராசரி 101. சொல்லறிவுத் தேர்வில் இருவருக்குமே 92. குழந்தை பேசுவதைப் பதிவுசெய்து, அதில் எத்தனை வெவ்வேறு சொற்கள் என்று எண்ணினார்கள்: 124, 126. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 2001-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இது வெளிவந்தது.

"3 வயதில் தெரியாது சார், பள்ளிக்கூடம் போனால்தான் தெரியும்" என்று எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்பு. அதனால் அதே குழந்தைகளை 4 வயதில் பார்த்தார்கள், 6 வயதில் பார்த்தார்கள், கடைசியாக 9 முதல் 11 வயதில் பார்த்தார்கள். 2007-ல் வந்த அந்தக் கடைசிக் கட்டுரையில் 391 குழந்தைகள். படிப்பது, எழுதுவது, ஒலிகளைப் பிரித்தறிவது, கவனம், நடத்தை, அறிவுத்திறன் என்று 48 அளவீடுகள். உடனே குழாய் போட்டது ஒன்றிலும் கைகொடுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியை விடாமல் துரத்திய ஆய்வு இது. படித்து முடித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது.

இதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம்?

ஒரு டெஸ்ட் பாஸ் ஆனதும் கொண்டாடக் கூடாது, அது எதை டெஸ்ட் பண்ணவில்லை என்றும் பார்க்கவேண்டும்.

பிட்ஸ்பர்க் குழந்தைகள் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள். பேச்சு வரவில்லை என்று அம்மா கவலைப்பட்டு அழைத்து வந்தவர்கள் அல்ல. மாதாமாதம் பார்த்ததால் நீர் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். நெதர்லாந்தில் கேள்திறன் பரிசோதனையில் அகப்பட்ட 1 முதல் 2 வயதுக் குழந்தைகள் 187 பேரை வைத்து இதே மாதிரி குலுக்கல் ஆய்வு செய்தார்கள் (2000). அங்கேயும் மொழி வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை.

ஆனால் 1999-ல் லான்செட்டில் வந்த பிரிஸ்டல் ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே எடுத்துக்கொண்ட 182 குழந்தைகள் பேச்சு, நடத்தை என்று ஏதோ ஒரு சிக்கலோடு வந்தவர்கள். இரண்டு காதிலும் கேள்திறன் குறைந்திருந்ததும் உறுதி செய்யப்பட்டிருந்தது. இதில் 9 மாதம் கழித்துப் பார்த்தபோது, காத்திருந்தவர்கள் மொழியில் சுமார் 3 மாதம் பின்தங்கியிருந்தார்கள். 18 மாதத்தில் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதற்குள் காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கும் குழாய் போட்டாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டு முடிவும் ஒன்றோடொன்று மோதவில்லை. நீர் மட்டும் இருந்து, குழந்தை மற்றபடி நன்றாக இருந்தால், குழாயால் வளர்ச்சிக்கு லாபம் இல்லை. நீரால் கேள்திறன் நிஜமாகவே குறைந்து அது அன்றாடத்தில் தெரிகிறது என்றால், குழாய் கொஞ்ச காலத்துக்கு உதவுகிறது. தாமதமாகப் போட்டாலும் குழந்தை எட்டிப்பிடித்துவிடுகிறது. பூனைக்குட்டியின் கண்ணை முழுக்க மூடிவைத்தது போல அல்ல இது. சத்தம் கொஞ்சம் மங்குகிறது, நடுவில் தெளிகிறது, மறுபடி மங்குகிறது. மொழி கற்கும் மூளை இந்த அளவு இடையூறைச் சமாளித்துக்கொள்கிறது.

ஆபத்து அதிகமுள்ள குழந்தைகள்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மேலே சொன்ன முடிவுகள் ஆரோக்கியமான குழந்தைகளுக்கானவை. பிளவு அண்ணம் உள்ள குழந்தைகள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், ஏற்கெனவே நிரந்தரக் கேள்திறன் குறைவு உள்ளவர்கள், ஆட்டிசம் அல்லது பேச்சுத் தாமதம் கண்டறியப்பட்டவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோரின் கணக்கே வேறு. இவர்களுக்கு 25 டெசிபல் இழப்பு என்பது இருக்கிற சுமைக்கு மேல் இன்னொரு சுமை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல் (2013, 2022-ல் புதுப்பிக்கப்பட்டது) இவர்களைத் தனியாகவே வைத்துப் பேசுகிறது. 'காத்திருக்கலாம்னு பிளாக்ல படிச்சேன்' என்று இந்தக் குழந்தைகள் விஷயத்தில் யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது.

லாபம் எவ்வளவு, விலை எவ்வளவு?

குழாய் போட்டால் கேட்பது கூடுகிறதா? கூடுகிறது. குலுக்கல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010-ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், முதல் 3 மாதத்தில் காத்திருப்பவர்களைவிட 12 டெசிபல் நன்றாகக் கேட்டது. 6 முதல் 9 மாதத்தில் அந்த வித்தியாசம் 4 டெசிபலாகச் சுருங்கியது. குழாய் கெட்டுப்போனதால் மட்டுமல்ல; குழாய் போடாதவர்களின் காதிலும் நீர் தானாகவே வற்றிக்கொண்டு வந்ததால்.

அடிக்கடி காதுத் தொற்று வருகிற குழந்தைக்கு? 2021-ல் அதே பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த அலஹாண்ட்ரோ ஹோபர்மன் குழு 6 மாதம் முதல் 35 மாதம் வரையான 250 குழந்தைகளை இரண்டு வருடம் கவனித்தது. குழாய் போட்டவர்களுக்கு வருடத்துக்கு 1.48 தொற்று, போடாதவர்களுக்கு 1.56. ஏறக்குறைய ஒன்றுதான்.

விலைப் பக்கம்: குழாய் வழியாகச் சீழ் வடிவது சாதாரணமாக நடப்பது, காதுச் சொட்டுமருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். செவிப்பறையில் வெள்ளைத் தழும்பு விழலாம், பெரும்பாலும் கேள்திறனைப் பாதிக்காது. குழாய் விழுந்த பிறகும் துளை மூடாமல் நின்றுவிடுவது, குறுகியகாலக் குழாய்களில் 100-க்கு 2 காது என்ற அளவில் நடக்கிறது. அப்படி ஆனால் பிறகு அதை அடைக்க இன்னொரு சிகிச்சை தேவைப்படலாம்.

மயக்க மருந்து பற்றிய பயம் பல பெற்றோருக்கு இருக்கிறது. 2016-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது 3 வயதுக்குட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றி. இந்தச் சிகிச்சை பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கம் பெற்ற குழந்தைகளை 5 வயதில் பரிசோதித்த பன்னாட்டு ஆய்வில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை (2019). ஆகவே தேவைப்படுகிற குழந்தைக்கு இந்தப் பயத்தால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

நம்மூர் நிலவரம்

நம்மூரில் கதை தலைகீழ். அங்கே அவசரம், இங்கே அலட்சியம். "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு", "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் செய்யவேண்டியது கேள்திறன் பரிசோதனை. காரணம் நீர் என்றால் நல்லது, அது போய்விடும். நிரந்தரக் கேள்திறன் இழப்பு என்றால் ஒவ்வொரு மாதமும் முக்கியம். மேலே சொன்ன 'காத்திருக்கலாம்' அதற்குப் பொருந்தவே பொருந்தாது.

இன்னொன்று, காதில் எண்ணெய் விடுவது. செவிப்பறை முழுசாக இருந்தால், விட்ட எண்ணெய் அதற்கு வெளியேதான் நிற்கும். உள்ளே இருக்கும் நீரை அது தொடக்கூட முடியாது. செவிப்பறையில் ஓட்டையோ குழாயோ இருந்தால் உள்ளே போய் நிலைமையைக் கெடுக்கும். இரண்டு வழியிலும் பிரயோஜனம் இல்லை. காதிலிருந்து சீழ் வடிந்தால் அது வேறு நோய், டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்

என் அக்கா பெண்ணுக்கு நான் 'போடு' என்றோ 'போடாதே' என்றோ சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. ஐந்து கேள்விகளை எழுதி அனுப்பினேன்:

1. நீர் எந்தத் தேதியில் முதலில் பார்க்கப்பட்டது? அதற்குப் பிறகு நடுவில் எத்தனை தடவை பார்த்தார்கள்? நடுவில் வற்றி மறுபடி வந்திருந்தால் 'மூணு மாசமா இருக்கு' என்பதற்குப் பொருள் மாறும்.

2. இரண்டு காதிலுமா, ஒன்றிலா?

3. கேள்திறனை அளந்தார்களா? டிம்பனோமெட்ரி வரைபடம் தட்டையாக இருந்தால் நீர் இருக்கிறது என்றுதான் பொருள், எவ்வளவு கேட்கிறது என்று அது சொல்லாது. அதற்கு வயதுக்கு ஏற்ற தனிப் பரிசோதனை வேண்டும். பிரிட்டனின் 2008-ம் ஆண்டு வழிகாட்டுதல், 3 மாதம் காத்திருந்த பிறகும் நன்றாகக் கேட்கும் காதிலேயே 25–30 டெசிபல் அல்லது அதற்கு மேல் குறைவு இருந்தால் குழாயைப் பரிசீலிக்கச் சொன்னது.

4. ஆபத்து அதிகமுள்ள பட்டியலில் குழந்தை வருகிறதா? பேச்சு, புரிதல், கூப்பிட்டால் திரும்புவது எல்லாம் வயதுக்கேற்ப இருக்கிறதா?

5. காத்திருந்தால் அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில்?

காத்திருக்கும் காலத்தில் செய்வதற்கும் விஷயங்கள் உண்டு. முகத்துக்கு நேராக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். டிவியை அணையுங்கள். வீட்டில் சிகரெட் கூடாது. படுக்கவைத்துப் பாட்டில் கொடுக்க வேண்டாம். ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு, அலர்ஜி மாத்திரை எதுவும் இந்த நீருக்குப் பயனில்லை என்பது வழிகாட்டுதல்களின் முடிவு. 4 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மூக்கால் ஊதும் ஒரு பலூன் இருக்கிறது. பிரிட்டனில் 320 குழந்தைகளிடம் சோதித்தபோது, 3 மாதத்தில் பலூன் ஊதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காது சரியாகியிருந்தது, ஊதாதவர்களில் 38 சதவீதம் பேருக்கு (2015). பெரிய அதிசயம் இல்லை, ஆனால் பக்கவிளைவும் அநேகமாக இல்லை.

இந்தச் சிகிச்சையை மோசம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. கேட்காத குழந்தைக்குச் சில மாதங்களாவது நன்றாகக் கேட்கவைப்பது நல்ல விஷயம்தான், அதற்காகப் போடலாம். 'இப்ப போடலன்னா வாழ்நாள் முழுக்கப் பின்தங்கிடுவான்' என்ற பயத்துக்காகப் போடவேண்டியதில்லை. அந்தப் பயத்தை 429 குழந்தைகளும் அவர்கள் பெற்றோரும் பத்து வருடம் ஒத்துழைத்து நமக்காகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பெற்றோர் தலையிலிருந்து அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கிவைக்கலாம். ஆனால் அடுத்த பரிசோதனைத் தேதியை மட்டும் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு காத்திருங்கள்.